தப்பாகப் பாடிய தாலாட்டு

தணிகாசலத்துக்குத் தப்பு என்றாலே ஆகாது. ஒரு நாளிதழில் ஆயுசு முழுக்கப் பிழை திருத்தியவர். கல்யாணப் பத்திரிகையை நீட்டினால் மாப்பிள்ளை பெயரைக்கூடப் பார்க்கமாட்டார். அச்சுப் பிழை இருக்கிறதா என்றுதான் முதலில் பார்ப்பார். அப்படிப்பட்ட மனுஷர் ஓய்வு பெற்ற கையோடு கல்லூரியில் ஸ்பானிஷ் மொழியும் இலக்கியமும் படிக்கச் சேர்ந்தார்.

"இந்த வயசுல ஸ்பானிஷ் எதுக்கு?" என்று வீட்டில் கேட்டார்கள்.

"தமிழ்ல திருத்தித் திருத்தி அலுத்துப்போச்சு," என்றார்.

பாடம் நடத்திய நப்பின்னைக்கு அவருடைய மகள் வயதுதான் இருக்கும். ஆனால் அவர் ஒரு கவிதையைச் சொல்ல ஆரம்பித்தால் கடைசி பெஞ்சுகூட வாயடைத்துப்போகும். புத்தகத்தைத் தொடவே மாட்டார். தணிகாசலம் மட்டும் பக்கத்தில் விரலை வைத்து வரி வரியாக ஒத்துப்பார்த்துக்கொண்டே வருவார். மூன்றாம் வருஷம் வந்தாயிற்று, ஒரு சொல்கூடப் பிசகியதில்லை. அந்த ஒரு காரணத்துக்காகவே அந்த அம்மாவைக் கையெடுத்துக் கும்பிடலாம் என்று அவருக்குத் தோன்றும்.

எழுத்துத் தேர்வுகளில் அவர்தான் முதல். பேச்சுத் தேர்வில் மட்டும் பிள்ளையார் மாதிரி உட்கார்ந்துவிட்டு எழுந்து வந்தார். அதில் தேறாவிட்டால் பட்டம் கிடையாது. அன்று மத்தியானம் நேராக நப்பின்னையின் அறைக்குப் போய் நின்றார்.

"மேடம், நான் படிப்பை நிறுத்திடறேன்."

"ஏன் சார்?"

"எழுத வருது. பேசலாம்னு வாயெடுத்தா, தப்பு வந்துடுமோன்னு நாக்கு ஒட்டிக்குது. உங்களை மாதிரி தப்பில்லாம பேச எனக்கு எத்தனை வருஷம் ஆகும்? அதைச் சொல்லுங்க, போதும்."

நப்பின்னை கைப்பையை எடுத்துத் தோளில் மாட்டிக்கொண்டார்.

"ஆஸ்பத்திரி வரைக்கும் வர்றீங்களா சார்? ஒரு அம்மாவைப் பார்க்கணும்."

கேட்டதற்குப் பதில் வரவில்லை. தணிகாசலத்துக்குக் கொஞ்சம் வருத்தம்தான். இருந்தாலும் ஆட்டோவில் ஏறி உட்கார்ந்தார்.

விஷயம் இதுதான். ஸ்பானிஷ் பேசும் பொலிவியாவிலிருந்து ஹசிந்தா என்று ஒரு பெண், தன் குழந்தையின் இதய ஆபரேஷனுக்காக வந்திருந்தாள். ஆபரேஷன் நல்லபடியாக முடிந்து, குழந்தை கண்ணாடிக் கதவுக்கு அந்தப் பக்கம் படுத்திருந்தது. தாய்க்காரி கதவுக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்தவள் உட்கார்ந்தபடி இருந்தாள். சாப்பிடவில்லை, யாரோடும் பேசவில்லை.

"எல்லாத்தையும் போன்லயே மொழிபெயர்த்துக் காட்டிட்டோம் மேடம்," என்றாள் நர்ஸ். "பாப்பா நல்லா இருக்கா, பயப்படாதீங்க, ஒரு வாய் சாப்பிடுங்க, எல்லாம் சொல்லியாச்சு. தலையைத் தலையை ஆட்டுறாங்க. அதோட சரி."

நப்பின்னை போய் ஹசிந்தாவின் பக்கத்தில் உட்கார்ந்தார். எப்படி இருக்கிறாய் என்று கேட்கவில்லை. ஆறுதலும் சொல்லவில்லை. அவளுடைய மலை நாட்டுத் தாலாட்டு ஒன்றை ஸ்பானிஷில் மெல்லப் பாடினார். தூங்கு செல்லமே, கதவைச் சாத்தியாச்சு. மலையிறங்கி வருது கோழி.

தணிகாசலத்துக்குத் தூக்கிவாரிப்போட்டது. கோழி இல்லை, நரி. இதே தாலாட்டைப் போன மாதம்தான் நப்பின்னை வகுப்பில் மனப்பாடமாகச் சொன்னார். அவருடைய கை தன்னாலே சட்டைப்பையில் இருந்த சிவப்புப் பேனாவைத் தேடியது.

ஹசிந்தா தலையைத் தூக்கினாள்.

"கோழி இல்ல," என்றாள். பேசாமலே கிடந்த தொண்டையிலிருந்து குரல் கரகரவென்று வந்தது. "நரி."

"நரியா? நல்லாத் தெரியுமா?"

"கோழி வருதுன்னு யாராவது கதவைச் சாத்துவாங்களா?"

சொல்லும்போதே அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. நப்பின்னையும் சிரித்தார். பிறகு ஹசிந்தாவே முதலிலிருந்து பாடிக் காட்டினாள். நப்பின்னை வகுப்புப் பிள்ளை மாதிரி கூடவே சொன்னார். ஒரு இடத்தில் ராகம் இறங்கியது போதாது என்று ஹசிந்தா நிறுத்தி, திரும்பச் சொல்லவைத்தாள். கடைசியில் புத்தகத்தில் இல்லாத இரண்டு வரி வந்தது. அது அவள் அம்மா சேர்த்துக்கொண்டதாம். அதைப் பாடும்போது கண்ணீர் தாரை தாரையாகக் கொட்டியது. பாடி முடித்து முகத்தைத் துடைத்துக்கொண்டு, சாப்பிட என்ன இருக்கிறது என்று கேட்டாள்.

நர்ஸ் இட்லி எடுத்துவர ஓடினாள்.  தணிகாசலம் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டார்.

லிஃப்ட் வரைக்கும் நப்பின்னையோடு நடந்தார்.

"மேடம், நீங்க வரி தப்பி நான் கேட்டதே இல்ல."

"அப்படியா?"

"வேணும்னேதானே தப்பாப் பாடினீங்க?"

லிஃப்ட் வந்து நின்றது. நப்பின்னை அதற்குள் ஏறிக்கொண்டார்.

"எனக்கு வகுப்பு இருக்கு சார். சாயந்திரம் வரைக்கும் நீங்க அவங்ககூடப் பேசிட்டிருங்க."

"நானா? நான் பேசினா எடுத்த சொல்லெல்லாம் தப்பா வருமே மேடம்."

"வரட்டும் சார். அவங்களுக்கும் இங்க ஒரு வேலை வேணுமில்ல."