சறுக்காத மாப்பிள்ளை

"நல்லாத் தள்ளுங்கல!" என்று தொம்மை அண்ணன் கத்தினார்.

நானும் கஸ்பாரும் பிச்சைமணியும் தள்ளிக்கொண்டுதான் இருந்தோம். உப்பு அம்பாரத்தின் உச்சியில், முழங்கால் வரை உப்பில் புதைந்து, பட்டு வேட்டி சட்டையோடு அவர் நின்றார். வேட்டிக்குக் கீழே கறுப்பு ஷூ. ஷூவுக்குக் கீழே பலகை. பலகைக்குக் கீழே இரண்டு சறுக்குக் கட்டை. எல்லாவற்றையும் திருகாணி போட்டு முடுக்கியிருந்தோம். எதுவும் அசையவில்லை.

கீழே ஜெயசீலி வீட்டில் பந்தல் போட்டு ஆள் வந்தாச்சு. அன்றைக்குத்தான் அண்ணனுக்கும் அவளுக்கும் நிச்சயம். கோயில் மணி அடித்து ஓய்வதற்குள் மாப்பிள்ளை வீட்டுக்குள் இல்லையென்றால் பேச்சை முறித்துவிடுவேன் என்று அவள் அப்பா, உப்பள மேஸ்திரி சூசையா, சொல்லியிருந்தார். அவர் சொன்னால் சொன்னதுதான்.

நான் பத்தாவதோடு பள்ளிக்கூடத்தை விட்டவன். சுற்றி வளைக்க எனக்குப் பொறுமை கிடையாது. நடந்ததைச் சொல்லிவிடுகிறேன்.

டிவியில் எவனோ பனிமலையில் சறுக்கி வந்ததைப் பார்த்து, "கட்டுனா இப்படிச் சறுக்கி வாரவனைத்தான் கட்டணும்" என்று ஜெயசீலி சும்மா சொன்னாள். அண்ணன் பக்கத்தில் நின்றார். அதோடு சோறு இறங்கவில்லை.

தூத்துக்குடியில் பனிக்கு எங்கே போக? கஸ்பார்தான் கண்டுபிடித்தான். "உப்பும் வெள்ளையாத்தான் இருக்கு. மலையாத்தான் குவிச்சிருக்கு. இதுக்கு மேல பனிகிட்ட என்ன இருக்கு?"

ஹார்பர் பக்கம் பழைய இரும்புக் கடையில், வெளிநாட்டுக் குப்பையோடு வந்த பனிச் சறுக்குக் கட்டை ஒரு ஜோடியும் உடைந்த ஸ்கேட்போர்டு ஒன்றும் கிடைத்தன. செய்முறை சொன்னது அண்ணனின் சித்தப்பா மகன் வில்பிரட். நார்வேயில் மீன் கம்பெனியில் இருக்கிறான். ஒவ்வொன்றாக வாய்ஸ் மெசேஜ் அனுப்பினான்.

"மொதல்ல சக்கரத்தை எல்லாம் கழட்டிப் போடு. பனியில சக்கரம் ஆகாது."

ஸ்கேட்போர்டில் கழற்றினோம். எங்கள் மொபெட்டில் கழற்றினோம். பிச்சைமணி சைக்கிளிலும் கை வைத்தோம்.

"என் சைக்கிள் எதுக்குல?" என்றான் பிச்சைமணி.

"எல்லாத்தையும்னு சொன்னான்லா? உன் சைக்கிள் எல்லாத்துல சேராதோ?"

பிச்சைமணி யோசித்தான். சேரும்தான்.

"கட்டைக்கு நல்லா மெழுகு பூசு."

"அடியில மட்டும்னு சொன்னானா?" என்றார் அண்ணன். சொல்லவில்லை. கட்டைக்கு மேலே, கீழே, பக்கத்தில், பலகைக்கும் சேர்த்துப் பூசினோம். அண்ணன் ஏறினார். விழுந்தார். அதனால்தான் திருகாணி. ஷூவைப் பலகையோடு முடுக்கிவிட்டு, பிறகு அண்ணனைத் தூக்கி ஷூவுக்குள் இறக்கி, லேசைக் கட்டினோம்.

"ஸ்க்ரூடிரைவரை ஒரு பய கையும் எட்டாத இடத்துல வைல" என்று என்னிடம் கொடுத்தார். பக்கத்து அம்பாரத்துக்குள் தோள்மட்டும் கையை விட்டுச் சொருகினேன்.

"சின்ன மேட்டுல பழகிட்டு அப்புறம் பெருசுக்குப் போ" என்று அடுத்த மெசேஜ் வந்தது.

இரண்டு அம்பாரமும் ஒரே உயரம்.

"நம்ம மேட்டைக் குறைச்சிருவோமா அண்ணே?"

"அது மேஸ்திரியோட உப்புல. குறைச்சா மாமா ஏசுவாரு."

"அப்போ பக்கத்து மேட்டைக் கூட்டுவோம். நம்மது தன்னால சின்னதாயிரும்" என்றான் கஸ்பார்.

பாத்தி ஓரம் கிடந்த உப்பையெல்லாம் வாரி அதன்மேல் கொட்டினோம். எங்கள் மேடு சின்னதாகிவிட்டது. அண்ணனுக்கே பயம் தெளிந்தது. அவரைப் பலகையோடு உச்சிக்கு ஏற்றினோம்.

"புதுப் பனி விழுந்ததும் இறங்கு. அதுதான் சுகம்."

அண்ணன் வானத்தைப் பார்த்தார். வெயில் கொளுத்தியது. கஸ்பாரும் பிச்சைமணியும் கூடை கூடையாக உப்பை அவர்மேல் வீசினார்கள்.

"விழுந்தது போதுமால?"

"எதுக்கும் இன்னும் ரெண்டு கூடை விழட்டும்ணே."

முழங்கால் வரை புதைந்தது இப்படித்தான்.

"சரி, திருகாணியைக் கழட்டுங்கல. நடந்தே போயிருதேன்" என்றார் அண்ணன். எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். நான் பக்கத்து மேட்டைக் காட்டினேன். கஸ்பார் தோண்டிப் பார்த்தான். எட்டவில்லை.

"கெட்டிக்காரப் பய. சொன்ன மாதிரியே வச்சிருக்கான்" என்றார் அண்ணன்.

மொபெட்டுக்குச் சக்கரமில்லை. உப்பைத் தோண்டி, அவரைப் பலகையோடு தோளில் தூக்கினோம். விறைப்பாக நின்றபடி வந்தார். வழியில் உப்பு வாரிக்கொண்டிருந்த பொம்பளைகள் ஏதோ சப்பரம் வருகிறதென்று சிலுவை போட்டுக்கொண்டார்கள். அண்ணன் ஆசீர்வாதம் செய்தார்.

வாசல் படியேறி, பலகையின் மூக்கை நிலைப்படியில் வைத்தோம். வாலை உயர்த்திப் பிடித்திருந்தோம். கோயில் மணி அடிக்க ஆரம்பித்தது.

மேஸ்திரி உள்ளேயிருந்து ஒரு பார்வை பார்த்தார். "வாங்க. எல்லாரும் செருப்பைக் கழட்டிட்டு உள்ள வாங்க."

பெரியவர் சொன்னால் கேட்க வேண்டும். மூன்று பேரும் ஒரே நேரத்தில் கையை விட்டுவிட்டுக் குனிந்தோம்.

பலகை போய்விட்டது. வழவழ மொசைக் தரை, கட்டை நிறைய மெழுகு. இரண்டு கையையும் விரித்துக்கொண்டு அண்ணன் ஜமுக்காளத்தை ஒட்டி, பெரிய அத்தையை ஒட்டி, பாயாச அண்டாவை ஒட்டிச் சறுக்கிப்போய், வெற்றிலைத் தட்டுக்கு முன்னால் நின்றார். அப்போதுதான் கடைசி மணி ஓய்ந்தது.

ஜெயசீலி வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். "அப்பா, இவரே போதும்."

மேஸ்திரி ஜமுக்காளத்தைக் காட்டினார். "சரி மாப்பிள்ளை. ஷூவைக் கழட்டிட்டு உக்காருங்க."

"ஸ்க்ரூடிரைவர் இல்லையே மாமா" என்றார் அண்ணன்.

"அது பத்திரமா இருக்கு" என்றேன் நான்.

ஜெயசீலி குனிந்து பார்த்தாள். "லேசை அவுத்துட்டுக் காலை வெளிய எடுங்க. அவ்வளவுதான?"

நாங்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டோம். இவ்வளவு படித்த பெண் எங்கள் அண்ணனுக்குக் கிடைத்ததே என்று கஸ்பாருக்குக் கண் கலங்கியது.

அண்ணன் குனிந்தார். லேசை அவிழ்த்தார். வலது காலைப் பாதி தூக்கினார். அப்படியே நின்று, வாசலிலிருந்து தட்டுவரை தரையில் மினுங்கிய மெழுகுத் தடத்தைப் பார்த்தார்.

"தரை வழுக்கும்போல இருக்கு மாமா" என்று சொல்லிவிட்டு, காலை மறுபடி உள்ளே விட்டு, லேசை ரெண்டு முடிச்சாகப் போட்டார்.

நின்றபடியே மோதிரம் மாற்றினார். நின்றபடியே பாயாசம் குடித்தார். ஷூவை மட்டும் கழற்றவே இல்லை.