ஜப்பான் பம்ப்

சென்னை புதுப்பேட்டையில் பழைய ஜப்பான் கார்களின் எஞ்சின் பாகங்களைச் செய்து விற்கும் சின்ன லேத் பட்டறை நூர்ஜகானுடையது. ஒருநாள் பழைய கார் சங்கத் தலைவர் தணிகாசலம், தன் ஜப்பான் காரில் ஒழுகிக்கொண்டிருந்த வாட்டர் பம்பைக் கழற்றி வந்து அவள் மேசையில் வைத்தார்.

"இதே மாதிரி ஒண்ணு செய். எது ஜப்பான், எது புதுப்பேட்டைன்னு எனக்கே தெரியக்கூடாது. தெரிஞ்சுதுன்னா எங்க சங்கத்து வண்டி ஒண்ணுகூட உன் பட்டறைக்கு வராது."

அவள் கேட்டாள்: "தெரியாமப் போனா, சங்கத்துப் பழைய கார் ஊர்வலத்துல உங்க வண்டிய நான் ஓட்டலாமா சார்?"

"தாராளமா!" என்று சிரித்தார்.

ஊர்வலத்தன்று மைதானத்தில் சங்கத்தார் முன்னால் இரண்டு பம்புகளை வைத்தாள். ஒன்று பளபளத்தது, மற்றது கறுத்திருந்தது. தணிகாசலம் கறுத்ததைத் தூக்கிக் காட்டினார்.

"இதுதான் ஜப்பான்! அம்பது வருஷ உழைப்பு மேலேயே தெரியுது பாருங்க."

"அப்ப அதையே மாட்டுங்க சார்."

மாட்டினார்கள். எஞ்சின் அரைமணி நேரம் ஓடியும் ஒரு சொட்டுத் தண்ணீர் விழவில்லை.

"பாத்தீங்களா ஜப்பான்காரன் வேலைய!"

"சார், ஜப்பான் பம்ப் ஒழுகுதுன்னுதானே எங்கிட்ட வந்தீங்க? அதைத் தேய்ச்சு மினுக்கிட்டேன். என்னோடதப் பழைய ஆயில்ல ஊறப்போட்டுட்டேன்."

மைதானமே சிரித்தது. தணிகாசலம் சாவியை நீட்டினார்.

நூர்ஜகான் வண்டியைக் கிளப்பினாள். மைக்கில், "முதலில் வருவது, ஜப்பான்..." என்று ஆரம்பித்தார்கள்.

அவள் ஜன்னல் வழியே தலையை நீட்டினாள். "புதுப்பேட்டையையும் சேத்துச் சொல்லுங்க!"