கபியாவைத் தூங்கவைத்தவள்

மெய்யம்மையின் ஆசிரமத்துக்குப் பாடம் கேட்க வருகிறவர்கள் பெரும்பாலும் அவளைவிட மூத்தவர்கள். ஆல்டோனாவுக்கு ஐம்பத்தெட்டு வயது, குருவான மெய்யம்மைக்கு நாற்பத்தொன்று. ஆல்டோனா லிதுவேனியாவிலிருந்து நான்கு குளிர்காலமாக வந்துபோகிறாள். புத்தகம் வைத்துத் தமிழ் படித்தவள் என்பதால் தக்காளிகூட இலக்கணச் சுத்தமாகத்தான் கேட்டு வாங்குவாள்.

அந்த வருடம் ஊருக்குக் கிளம்ப இரண்டு நாள் இருக்கும்போது அவள் கேட்டாள்.

"அம்மா, எங்கள் ஊரில் பழைய தெய்வங்களைத் திரும்பக் கும்பிடுகிறவர்கள் கொஞ்சம் பேர் இருக்கிறோம். ஒருத்திக்கு எகிப்து தெய்வங்கள். இன்னொருவருக்குக் கிரேக்க தெய்வங்கள். என்னை இழுத்தவை எங்கள் மண்ணின் தெய்வங்கள். அதிலும் அடுப்புத் தீயாக இருக்கும் கபியா. ஏன் இவள்?"

"உங்க வீட்டுல யாராவது கும்பிட்டாங்களா?"

"இல்லை. நூலகத்தில் படித்துத்தான் தெரிந்துகொண்டேன்."

அதுதான் அவளை அரித்துக்கொண்டிருந்தது. இந்த வயதில் எதற்கு இந்த வேஷம் என்று மகள் கேட்டிருந்தாள். காரணம் சொல்ல முடியாவிட்டால், ஊருக்குப் போனதும் கபியாவுக்காக ஏற்றும் விளக்கை எடுத்து உள்ளே வைத்துவிடப் போவதாக ஆல்டோனா சொன்னாள். சொல்லும்போதே அழுகை வந்துவிட்டது.

மெய்யம்மையோ, இன்று சமையலறையில் ஆள் குறைவு, போய் உதவுங்கள் என்றாள். கேள்விக்குப் பதிலாக வெங்காயம் கிடைத்ததில் ஆல்டோனாவுக்கு வருத்தம்தான். ஆனாலும் மத்தியானம் முழுக்க உரித்தாள்.

சாயங்காலம் சமையல் முடிந்தது. சமையல்காரி பேச்சித்தாய் வழக்கம்போல் ஒரு சொம்புத் தண்ணீரை எடுத்து விறகடுப்பில் ஊற்றப் போனாள்.

ஆல்டோனா கையிலிருந்ததைப் போட்டுவிட்டு ஓடிவந்து குறுக்கே கையை நீட்டினாள். தண்ணீர் அவள் மேலேயே கொட்டியது. அப்படியே குனிந்து விறகை விலக்கினாள், கங்குகளை ஒன்றாகக் கூட்டினாள், மேலே சாம்பலைப் போட்டு மூடினாள். ஒரு விரல் சுட்டுவிட்டது. தன் மொழியில் மெதுவாக ஏதோ சொல்லி, பக்கத்தில் ஒரு கிண்ணத்தில் தண்ணீர் வைத்தாள்.

பேச்சித்தாய் ஈரத் தரையைப் பார்த்தாள். "இந்தம்மாவுக்கு என்ன ஆச்சு? அடுப்ப அணைச்சா குத்தமா?"

மெய்யம்மை வாசலில் நின்றிருந்தாள். அப்போதுதான் ஆல்டோனா அவளைக் கவனித்தாள். வெட்கத்தோடு விளக்கம் சொன்னாள். கபியாவைத் தண்ணீர் ஊற்றி அணைக்கக் கூடாதாம். சாம்பலால் போர்த்தித் தூங்கவைக்க வேண்டுமாம். கிண்ணத்துத் தண்ணீர் கபியா முகம் கழுவ. இதையும் படித்ததோடு சரி, இதுவரை ஒருமுறைகூடச் செய்ததில்லை. ஆல்டோனா ஊரில் குடியிருப்பது நாலாவது மாடி, அங்கே இருப்பது மின்சார அடுப்பு.

"எகிப்து சாமிங்களப் பத்தியும் படிச்சிருக்கீங்கல்ல?" என்று கேட்டாள் மெய்யம்மை.

"நிறைய. பரீட்சை வைத்தால் தேறிவிடுவேன்."

"இப்ப யார்கிட்ட கேட்டுட்டுக் குறுக்க கைய நீட்டினீங்க?"

"யாரிடமும் கேட்கவில்லை. அவளை அப்படி விட்டுவிட முடியவில்லை."

"ஏன்?"

ஆல்டோனா யோசித்துப் பார்த்தாள். காரணம் ஒன்றும் வரவில்லை. ஆனால் இந்த முறை அது அவளுக்குப் பயமாக இல்லை.

மெய்யம்மை அவளுடைய சுட்ட விரலைப் பிடித்துப் பார்த்தாள்.

"வேஷம் போடுறவங்க, யாராவது பாக்குறாங்களான்னு முதல்ல திரும்பிப் பாப்பாங்க" என்றாள். "நான் இங்க நிக்கிறதையே நீங்க பாக்கல."