இதயத்தில் இடமில்லை

"மேடம், இதயத்துல எனக்கு இடம் இல்லன்னுட்டாங்க."

கேட்டவர்கள் காதல் தோல்வி என்றுதான் நினைத்திருப்பார்கள். இசக்கிராஜின் முகமும் அப்படித்தான் இருந்தது.

பொது மருத்துவத்தில் எம்.டி. முடித்த கையோடு, இதயப் பிரிவுப் பேராசிரியர் பியூலாவிடம் உயர்படிப்பு படிக்க வேண்டும். இத்தனை வருடமும் அவன் கண்டது அந்த ஒரே கனவைத்தான். இருந்த இடங்களையெல்லாம் அவனைவிட அதிக மதிப்பெண் வாங்கியவர்கள் எடுத்துக்கொண்டுவிட்டார்கள்.

"பெறகு எதுல போட்டுருக்கான்?" என்றார் பியூலா.

"கிட்னி. இதே ஆஸ்பத்திரிதான், மாடில."

"சேர வேண்டியதுதானல?"

"பிடிக்கல மேடம். சேரலன்னா அடுத்த வருசம் பரீட்சையே எழுதக் கூடாதாம். சேர்ந்துட்டு விட்டுட்டு வரவும் கூடாதாம். என்ன விதி மேடம் இது?"

"விதிய நானா எழுதுனேன்?"

"சாயங்காலத்துக்குள்ள முடிவு சொல்லணும். சேராதன்னு நீங்க ஒரு வார்த்தை சொல்லுங்க, விட்டுருதேன். எத்தன வருசமானாலும் காத்துக் கெடந்து உங்ககிட்டயே படிக்கேன்."

பியூலா கழுத்தில் கிடந்த ஸ்டெதஸ்கோப்பைக் கழற்றி நீட்டினார்.

"இங்க வச்சிக் கேளு."

காட்டியது தன் இடது கையை.

கொஞ்ச நாளாகக் கொளுத்துகிற வெயிலிலும் முழுக்கை ரவிக்கைதான் போடுகிறார். புது ஃபேஷனா மேடம் என்று அவன் கேலிகூடச் செய்திருக்கிறான். இப்போது அதன் கையை முழங்கை வரை ஏற்றினார். மணிக்கட்டுக்கு மேலே ஒரு தையல் தழும்பு இருந்தது.

அவன் வைத்துக் கேட்டான்.

உள்ளே விடாமல் ஓர் இரைச்சல். ஒவ்வொரு துடிப்புக்கும் ஏறி இறங்கியது.

டயாலிசிஸ் ஊசி போடுவதற்காக இரண்டு ரத்தக் குழாய்களைச் சேர்த்துத் தைத்தால் கையில் வருகிற சத்தம் அது. அவன் படித்ததுதான். எத்தனையோ நோயாளிகளிடம் கேட்டதுதான். ஆனாலும் காதிலிருந்து ஸ்டெதஸ்கோப்பை எடுக்க அவனுக்குப் பயமாக இருந்தது.

"மேடம்..."

"டயாலிசிஸ் இன்னும் ஆரம்பிக்கல. தை மாசம் வரைக்கும் கிட்னி தாங்கும்ங்காங்க."

அவனுக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. பியூலா ரவிக்கைக் கையை இறக்கிவிட்டுக்கொண்டார். ஸ்டெதஸ்கோப்பை வாங்கித் திரும்பக் கழுத்தில் போட்டுக்கொண்டார்.

"கண்ணத் தொடச்சிட்டு ஓடுல, நேரமாகுது. அப்படியே எனக்கும் அங்க ஒரு இடம் போட்டு வை."