பவழத்தோட இலை நோட்டு

ஒரு காட்டுல, கண்ணுங்களா, ஒரு பள்ளிக்கூடம் இருந்துச்சு. காட்டுல எதுக்குப் பள்ளிக்கூடம்னு கேக்காதீங்க, இருந்துச்சு. அங்க பத்தாங்கிளாஸ்ல பவழம்னு ஒரு கீரிப் பொண்ணு. எதையும் பதறாமப் பாக்கறவ.

அந்த வருஷம் ஆளுக்கு இருபது வகை இலை சேத்து, நோட்டுல தச்சு, கீழ பேரெழுதிக் குடுக்கணும். இலைக்கு ஒரு மார்க். பதினஞ்சு வாங்கினாத்தான் மலை மேல மூலிகைப் படிப்புல சேரலாம். ஒரு முள்ளம்பன்றி நோட்டே வாங்கல, இலையெல்லாம் முதுகுல குத்திக்கிட்டு வந்து நின்னுச்சு. அது திரும்பிக்கிட்டே இருந்தா எப்படி எண்றது? சரி, அது கதை வேற.

பவழத்துக்கு வந்த மார்க் நாலு.

"போய்க் கத்துடி," ன்னுச்சு பக்கத்துல இருந்த காக்கா. "நான் கத்தித்தான் எட்டாங்கிளாஸ் பாஸானேன்."

"கத்தினா ஏன் கொறைஞ்சுதுன்னு தெரியுமா?" ன்னுட்டு பவழம் வாத்தியார்கிட்ட போனா. காக்காவும் வேடிக்கை பாக்கப் பின்னாலயே பறந்துச்சு.

வெள்ளாட்டு வாத்தியார் தங்கமானவர். எந்நேரமும் எதையாவது அசை போட்டுக்கிட்டே இருப்பார், அதான் ஒண்ணு.

"சார், எந்தெந்த இலைக்கு மார்க் போச்சுன்னு காட்டுங்க சார்."

"இந்தா பாரும்மா. பதினாறு பக்கம் காலி. இல்லாத இலைக்கு எப்படி மார்க் போடறது?"

"காலிப் பக்கத்துல தச்ச நூல் இருக்கே சார். நூலுக்கடியில காம்பும் இருக்கு."

"ஆமா, இருக்கு."

"மிச்சம் இருக்கற இலை எதெதுன்னு படிங்களேன்."

வாத்தியார் கண்ணாடியை ஏத்திவிட்டுக்கிட்டார். "எருக்கு. ஊமத்தை. அரளி. ஆடாதொடை." படிக்கப் படிக்கக் கொரல் எறங்கிப் போச்சு. நாலுமே ஆடு வாய் வைக்காத இலை.

"சார், தாடியில பச்சையா ஒரு துணுக்கு ஒட்டியிருக்கு," ன்னுச்சு காக்கா.

"அம்மாடி, தப்பாயிருச்சு," ன்னார் வாத்தியார். "சாயங்காலப் பசி. கை பாட்டுக்குத் திருத்துச்சு, வாய் பாட்டுக்கு மேஞ்சிருக்கு."

பவழம் ஒரு காலிப் பக்கத்தைத் தடவிப் பாத்தா. "இலைதான் போயிருச்சே சார், இனிமே எதைப் பாத்து மார்க் போடுவீங்க?"

வாத்தியார் கண்ணை மூடி நாக்கை ஒரு சுத்து சுத்தினார். "நோட்டை நீ புடி. நான் சொல்றேன், சரியான்னு பாரு. மொதப் பக்கம் அகத்தி."

"ஆமா சார்."

"ரெண்டு, முருங்கை. எளங்கொழுந்து. நல்லாருந்துச்சு."

"ஆமா சார்."

இப்படியே போய்க்கிட்டிருந்தவர் பன்னெண்டாம் பக்கத்துல நின்னார். "இது பலாசு."

"கல்யாண முருங்கைன்னு எழுதியிருக்கேன் சார்."

"எழுதியிருப்பே. மூணு மூணா இலையப் பாத்து ஏமாந்துட்டே. தின்னவனுக்குத் தெரியாதா?"

கடைசில நாலை அடிச்சுட்டு, பத்தொம்பதுன்னு பெரிசா எழுதினார். பவழம் நின்ன எடத்துலயே ரெண்டு குதி குதிச்சா. அப்பறம் பன்னெண்டாம் பக்கத்துல எழுதியிருந்த பேரை அடிச்சுட்டு, பலாசுன்னு அவளே எழுதினா.

நீதி: மார்க் கொறைஞ்சா அழ வேணாம், கத்த வேணாம்; திருத்தின நோட்டைக் காட்டச் சொல்லிக் கேளு.