ஒன்பதாம் வளைவின் ஆரஞ்சுப் பழம்

சொந்தக் காட்டில் எதைத் தின்னலாம், எதைத் தின்னக் கூடாது என்று தெரியாத குரங்கை நீங்கள் பார்த்திருக்கிறீர்களா?

தேன்பாறை மலைப்பாதையில், ஒன்பதாம் கொண்டை ஊசி வளைவில், அப்படி இருபத்திரண்டு குரங்குகள் இருந்தன. சுற்றிலும் அடர்ந்த காடு. ஆனால் அவை காட்டுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, ரோட்டைப் பார்த்தபடி, தடுப்புச் சுவரின் மேல் வரிசையாக உட்கார்ந்திருக்கும். பந்தியில் இலைக்கு முன்னால் காத்திருப்பவர்களைப் போல!

பந்தியும் குறையில்லாமல் நடந்தது. மலை பார்க்க வரும் ஜனங்கள் வண்டியை நிறுத்துவார்கள். வாழைப்பழம், வேர்க்கடலை, பிஸ்கட், ஆரஞ்சு, சில நாள் தயிர்சாதப் பொட்டலம்கூட, கையிலிருந்து கைக்கு வரும். பாதி நேரம் தோலை உரிக்கிற வேலைகூடக் கிடையாது.

அந்தக் கூட்டத்தில் செவத்தி என்று ஒரு தாய்க்குரங்கு இருந்தது. செக்கச்செவேலென்று முகம். மடியில் சுண்டு என்ற நாலு மாதக் குட்டி. தலைச்சன் பிள்ளை. செவத்திக்கு ஒரு கெட்டிக்காரத்தனம் உண்டு. வண்டி எட்டாம் வளைவில் திரும்பும்போதே, சத்தத்தை வைத்து அது இன்ன வண்டி என்று சொல்லிவிடும்.

"பஸ் வருது! வேர்க்கடலை!"

"வேன்! பள்ளிக்கூடத்துப் பிள்ளைங்க! பிஸ்கட்டு!"

"இது புதுசாக் கல்யாணம் ஆனவங்க கார்! யாரும் எழுந்திரிக்காதீங்க. அவங்க நம்மளைத் திரும்பிக்கூடப் பார்க்க மாட்டாங்க!"

சொன்னால் சொன்னதுதான். கூட்டத்தின் தலைவன் கட்டையனுக்கே செவத்தியின் காது மேல் பெருமை.

சுவருக்குப் பின்னால் ஒரு வேங்கை மரம். அதில் காரி என்ற கருமூஞ்சி மந்தி தன் பிள்ளைகளோடு இருந்தது. அது கொழுந்தும் தழையும் தின்று வாழும். அதைக் கண்டால் செவத்திக்கு வாய் சும்மா இருக்காது.

"ஏம்மிணி காரி! இன்னைக்கும் தழைதானா? நீ என்ன ஆட்டுக்குப் பிறந்தவளா?"

"உனக்கென்ன அம்மிணி! உக்காந்த இடத்துல படியளக்கிறாங்க," என்று காரி சிரிக்கும். "படியளக்கிறவங்க படுத்துக்கிட்டா என்ன பண்ணுவே?"

"அத்தனை பேரும் ஒரே நாள்ல படுத்துக்குவாங்களா? நல்லாச் சொன்னே போ!"

படுத்துக்கொண்டார்கள்.

ஒருநாள் காலையில் ஒரு வண்டிகூட வரவில்லை. மறுநாளும் வரவில்லை. செவத்தி காதைத் தீட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தது. எட்டாம் வளைவில் காற்றுதான் திரும்பியது.

மூன்றாம் நாள் ஒரு போலீஸ் ஜீப் போனது. அதிலிருந்த நாலு பேருக்கும் மூக்குக்குக் கீழே துணி கட்டியிருந்தது. குரங்குகள் வாயைப் பிளந்தன.

"அடடா! மனுசனுக்கு வாயைக் கட்டிப் போட்டுட்டாங்க!" என்றது ஒரு குரங்கு. "களத்துல நெல்லைத் தின்னாம இருக்க, பிணையல் அடிக்கிற மாட்டுக்குக் கட்டுவாங்களே, அந்த மாதிரி!"

"எதையோ திருடித் தின்னிருப்பாங்க. அதான் தண்டனை," என்றது இன்னொன்று.

"ரெண்டு நாள்ல அவுத்து விட்டுருவாங்க," என்றது கட்டையன். "மனுசன் எத்தனை நாளைக்குத் தின்னாம இருப்பான்? யாரும் பயப்படாதீங்க!"

எல்லாம் சிரித்தன. செவத்தியும் சிரித்தது.

நாட்கள் போகப் போக வளைவு மாறிக்கொண்டே வந்தது. தார் ரோட்டின் விரிசலில் புல் முளைத்தது. ஒரு கரடி பட்டப்பகலில் ரோட்டின் நடுவே ஆற அமர நடந்து போனது. எங்கிருந்தோ சலசலவென்று ஓடைச் சத்தம் கேட்டது. அந்த ஓடை என்றைக்கும் அங்கேதான் ஓடிக்கொண்டிருந்தது. ஒன்பதாம் வளைவில் ஒருவருக்கும் அது தெரியாது, அவ்வளவுதான்!

குப்பைத் தொட்டியைத் துருவித் துருவி, கடைசிப் பிளாஸ்டிக் கவர் வரைக்கும் நக்கியாயிற்று. ரோட்டோரப் பாறைக் கசிவை நக்கிக் குடித்துக்கொண்டு, புல்லின் வேரையும் வெட்டுக்கிளியையும் தின்று பார்த்தன. அங்கே இருப்பது எத்தனை வயிற்றுக்குக் காணும்?

"காட்டுக்குள்ள போய்ப் பார்க்கலாமா?" என்று செவத்தி மெல்லக் கேட்டது.

கட்டையன் எகிறிக் குதித்தது. "போனா? பத்தாம் வளைவுக்காரங்க வந்து நம்ம சுவத்துல உக்காந்துக்குவாங்க! நாளைக்கு வண்டி வந்தா அவங்களுக்குத்தான் பழம்! ஒருத்தரும் இடத்தை விட்டு அசையக் கூடாது!"

நிஜமாகவே அன்று சாயங்காலம் பத்தாம் வளைவுக் குரங்குகள் இறங்கி வந்தன. ஒரே ரகளை! கடித்தன, பிறாண்டின, வாலைப் பிடித்து இழுத்தன. ஒன்றுமே இல்லாத வெறும் சுவருக்காக! ஒரு கிழக்குரங்கின் காது கிழிந்தது. கடைசியில் ஒன்பதாம் வளைவுதான் ஜெயித்தது. ஜெயித்த குரங்குகள் வெறும் ரோட்டைப் பார்த்துக்கொண்டு வரிசையாக உட்கார்ந்தன.

அன்றைக்குச் சுண்டு முட்டி முட்டிப் பால் குடித்தது. பிறகு வாயை எடுத்துவிட்டு அழுதது. மறுபடி முட்டியது, மறுபடி அழுதது. செவத்திக்குப் புரிந்துவிட்டது. தாய் வயிற்றில் ஒன்றும் இல்லாவிட்டால் பிள்ளைக்குப் பால் எங்கிருந்து வரும்? பால் வற்றிவிட்டது.

விடிந்ததும் செவத்தி வெட்கத்தை விட்டு வேங்கை மரத்தில் ஏறியது.

"காரி, நான் உன்னைப் பேசினதையெல்லாம் மனசுல வெச்சுக்காதே. என் பிள்ளை காயுது. நீ தின்னுற தழையில எனக்கும் ரெண்டு குடு."

காரி குட்டியைப் பார்த்தது. பழைய பேச்சு எதையும் எடுக்கவில்லை.

"தழை உனக்கு ஆகாது அம்மிணி. என் வயிறு வேற, உன் வயிறு வேற. கிழக்குச் சரிவுல பெரிய அத்தி மரம் இருக்கு. கிளை ஒடியக் காய்ச்சிருக்கு. ரெண்டு ஓடை தாண்டணும், ஒரு பகல் நடை. இப்பவே கிளம்பு, நான் கூட வர்றேன்."

"இப்பவேவா?"

"பிள்ளைக்குத் தெம்பு இருக்கும்போதே போயிரணும்."

செவத்தி பிள்ளையை மார்போடு சேர்த்துக்கொண்டு நாலு கிளை தாண்டியது. அப்போது எங்கேயோ கீழே ஒரு சத்தம். செவத்தி சட்டென்று நின்றது.

"எட்டாம் வளைவு! பஸ்ஸுதான்! எனக்குத் தெரியாதா!"

"அது இடி அம்மிணி. கோடை இடி."

"இல்ல இல்ல. நான் கேட்டு ஒருநாளாவது தப்பியிருக்கா? நீ போ காரி. நான் நாளைக்கு வர்றேன்."

செவத்தி சுவருக்கு ஓடியது. பஸ் வரவில்லை. மறுநாள் காலையிலும் அதற்கு ஒரு சத்தம் கேட்டது. அதற்கடுத்த நாளும் கேட்டது. இப்படியே ஐந்து நாள் போயிற்று. சுண்டுக்கு அழவும் சத்துப் போதவில்லை. சிணுங்கியது.

ஆறாம் நாள் கட்டையன் சுவருக்குப் பின்னால் நின்று கூவியது. "ஓடி வாங்க! ஓடி வாங்க! ஆரஞ்சு!"

பள்ளத்தில் ஒரு மரம். அதில் உருண்டை உருண்டையாக, மஞ்சளும் சிவப்பும் கலந்து, பழங்கள் பளபளவென்று தொங்கின. இத்தனை வருஷமும் அது அவற்றின் முதுகுக்குப் பின்னால்தான் நின்றது. ஆரஞ்சை எல்லாக் குரங்குக்கும் தெரியும். கார் ஜன்னலில் வரும். மரத்தில் எப்படி இருக்கும் என்று ஒரு குரங்குக்கும் தெரியாது.

பட்டினி கிடந்த கூட்டம் மரத்தின் மேல் பாய்ந்தது. மேலோடு கெட்டியாக இருந்தது. சுவரில் மோதி உடைத்தன.

வேங்கை உச்சியில் இருந்து காரி அலறிக்கொண்டு வந்தது. "தொடாதீங்க! அது எட்டிக்காய்! அம்மிணி, தொடாதே! விஷம்!"

"கசக்குதே!" என்றது ஒரு குரங்கு.

"கொஞ்சம் பழசு, அதான் கசக்குது!" என்றது கட்டையன் வாய் நிறைய மென்றுகொண்டு. "கார்ல வந்ததும் சில நாள் கசக்கலையா? உள்ளே கொட்டையும் இருக்கு, வேர்க்கடலை மாதிரி! நல்லாக் கடிச்சுத் தின்னுங்க! தழை தின்னிக்கு வயித்தெரிச்சல். நாம தின்னா அவளுக்குப் பொறுக்கல!"

செவத்தி ஒரு பழத்தைக் கையில் வைத்துக்கொண்டு நின்றது. காரியைப் பார்த்தது. கட்டையனைப் பார்த்தது.

"என்னைப் பாரு செவத்தி!" கட்டையன் மார்பைத் தட்டியது. "மூணு பழம் தின்னுட்டேன். எனக்கு என்ன ஆச்சு? ஒண்ணும் ஆகல!"

"அவன் இப்பத்தான் தின்னிருக்கான். கொஞ்சம் பொறு அம்மிணி! ஒரு நாழி பொறு!" காரி கெஞ்சியது.

மடியில் சுண்டு பழத்தைப் பார்த்துக் கையை நீட்டியது. எத்தனையோ நாளைக்குப் பிறகு அது கையை நீட்டுகிறது. எந்தத் தாய்க்கு மனசு பொறுக்கும்? பஸ்ஸுக்காக ஆறு நாள் பொறுத்த செவத்தியால் அந்த ஒரு நாழி பொறுக்க முடியவில்லை.

பழத்தை உடைத்தது. தான் ஒரு வாய்கூடத் தின்னவில்லை. கொட்டைகளைக் கடித்து நொறுக்கி, தூளைக் கையில் துப்பித் துப்பிப் பிள்ளைக்கு ஊட்டியது. சுண்டு முகத்தைச் சுளித்தது. "முழுங்கு சாமி. நல்ல பிள்ளையில்ல! முழுங்கு கண்ணு." சுண்டு அம்மா பேச்சைக் கேட்டு விழுங்கியது. மீதிப் பாதியைச் சாயங்காலத்துக்கு ஆகட்டும் என்று செவத்தி பத்திரமாகச் சுவரில் எடுத்து வைத்தது.

முதலில் கட்டையன்தான் விழுந்தது. கையும் காலும் விறைத்து, முதுகு வில்லாக வளைந்தது. "வண்டி..." என்று ஏதோ சொல்ல வந்தது. சொல்லவில்லை. பிறகு ஒவ்வொன்றாக விழுந்தன.

செவத்தி பிள்ளையின் வாய்க்குள் விரலை விட்டுத் தோண்டியது. "துப்பு சாமி! துப்பு!" தலைகீழாகப் பிடித்து முதுகில் தட்டியது. ஓடைக்கு ஓடித் தண்ணீரை அள்ளி வாயில் ஊற்றியது. அந்த ஓடைக்கு அது வந்தது அன்றைக்குத்தான் முதல் தடவை. தண்ணீர் உள்ளே போகாமல் வழிந்தது.

இருபத்திரண்டில் ஒன்பதுதான் மிஞ்சியது.

மிஞ்சியவற்றைக் காரி கிழக்குச் சரிவுக்குக் கூட்டிப் போனது. ரெண்டு ஓடை, ஒரு பகல் நடை. அது சொன்னபடியே அத்தி மரம் நின்றது. கிளை ஒடியக் காய்த்திருந்தது. பழம் தேனாக இனித்தது. செவத்தி நாலு நாள் பிள்ளையின் உடம்பைத் தூக்கிக்கொண்டே அத்திப்பழம் தின்றது. ஐந்தாம் நாள் அதை ஒரு வேர்ப் பொந்தில் வைத்துத் தழையால் மூடியது.

ஆறாம் நாள் செவத்திக்குப் பால் சுரந்தது. குடிக்கத்தான் ஆளில்லை. மார்பு கல்லாகக் கட்டிக்கொண்டு வலித்தது. காரி பக்கத்தில் உட்கார்ந்து முதுகைத் தடவிக் கொடுத்தது.

பிறகு வெகு நாள் கழித்து ஒரு காலையில், மலைக்குக் கீழே எங்கேயோ ஒரு ஹாரன் அடித்தது. மிகத் தூரத்தில், ஊசி முனையளவு சத்தம். ஒன்பது குரங்கில் ஒரு குரங்குக்குத்தான் அது கேட்டது.

"பஸ்!" என்று கத்திவிட்டு, செவத்திதான் முதலில் மரத்தை விட்டுக் குதித்தது.

இரண்டு ஓடையையும் தாண்டி ஒன்பதும் ஓடின. வளைவுக்கு வந்து சேர்ந்தபோது சாயங்காலமாகிவிட்டது. அதற்குள் காரும் வேனுமாக வரிசை கட்டி ஏறிக்கொண்டிருந்தன. ஜனங்கள் வாய்த்துணியைத் தாடைக்கு இறக்கி விட்டுச் சிரித்தார்கள். ஒரு பெண்மணி ஜன்னல் வழியே வாழைப்பழம் நீட்டினாள். செவத்தி வாங்கியது. உரித்தது. வழக்கம்போலப் பாதியை ஒடித்து மடிக்குக் கொண்டுபோனது.

மடியில் யாரும் இல்லை.

பின்னாலேயே வந்து சேர்ந்த காரி மூச்சு வாங்க நின்றது. "வா அம்மிணி, போயிரலாம். அத்தி இன்னும் அப்படியே இருக்கு."

செவத்தி காட்டைத் திரும்பிப் பார்த்தது. அதே நேரம் எட்டாம் வளைவில் அடுத்த வண்டி திரும்பியது. செவத்தியின் காது தானாக நிமிர்ந்தது. கால் எழவில்லை.

கொடுக்கிற கையையே நம்பிக் கிடந்தவர்க்கு, அந்தக் கை நின்ற நாளில் காடே பழுத்திருந்தாலும் எது பழம், எது விஷம் என்று தெரியாது.

செவத்தி கையிலிருந்த பாதிப் பழத்தைக் கீழே வைத்துவிட்டுக் காரியிடம் சொன்னது: "என்னால வர முடியல காரி. ஆனா ஒண்ணு கேக்கறேன், மாட்டேன்னு சொல்லாதே. எனக்கு இன்னொண்ணு பிறந்தா, அது இந்த ரோட்டைப் பார்க்கறதுக்குள்ள நீ வந்து தூக்கிட்டுப் போயிரு. நான் அழுதாலும் விடாதே."