வாசல் இலை

ஆவுடையப்பன் ரயில்வேயில் டிக்கெட் பரிசோதகராக இருந்து ஓய்வு பெற்றவர். உத்தியோகம் போனாலும் அந்தக் கண் போகவில்லை. எதிரில் யார் வந்தாலும், இந்த ஆளிடம் டிக்கெட் இருக்குமா, இருக்காதா என்றுதான் முதலில் பார்ப்பார்.

மனைவி காலமான பிறகு வீட்டை மகள் பேருக்கு எழுதி வைத்துவிட்டு, ஆற்றங்கரை மடத்துக்கு வந்து கோமதிநாயக சாமியிடம் சீடராகச் சேர்ந்தார். குருவைவிடச் சீடருக்கு வயது அதிகம். அதனால் சாமி அவரை ‘அண்ணாச்சி’ என்று கூப்பிடுவார். அவரும் ‘சாமி’ என்பார், ஆனால் ஒரு கண்ணைச் சுருக்கிக்கொண்டு.

வருகிற பௌர்ணமிக்கு அவருக்குக் காவி கொடுப்பதாக ஏற்பாடு. அதற்குள் மடத்தில் எல்லாவற்றையும் பரிசோதித்துவிட வேண்டும் என்று அவர் நினைத்தார். வாழ்ந்த வீட்டை விட்டுவிட்டு வந்தவர். வந்த இடம் சரியான இடம்தானா என்ற பயம் அவருக்கு உள்ளூர இருந்தது.

மடத்தில் ஒரு வழக்கம் உண்டு. மத்தியானப் பந்தியில் முதல் இலையை வாசல்படியை ஒட்டிப் போடுவார்கள். சோறு, சாம்பார், கூட்டு, பாயசம் எல்லாம் அந்த இலைக்குப் போன பிறகுதான் மற்ற இலைகளுக்கு வரும். பக்கத்தில் ஒரு செம்பில் தண்ணீரும் வைப்பார்கள். அந்த இலையில் யாரும் உட்காருவதில்லை. பந்தி முடிந்ததும் அதைத் தூக்கிக்கொண்டு போய்ப் பசுவுக்கு வைத்துவிடுவார்கள்.

“இந்த இலை யாருக்கு?” என்று ஆவுடையப்பன் விசாரிக்கத் தொடங்கினார்.

“மடத்தை உண்டாக்குன பெரியசாமிக்கு” என்றார் ஒருவர்.

“செத்துப்போனவங்களுக்கு” என்றார் அடுத்தவர்.

“கண்ணு படாம இருக்கதுக்கு” என்றாள் ஒரு பெண்.

“பசுவுக்குத்தான். அதுதான திங்குது?” என்றார் இன்னொருவர். அவர் கேலி செய்யவில்லை. நிஜமாகவே அப்படித்தான் நம்பிக்கொண்டிருந்தார்.

சமையல் பார்க்கும் வடிவிடம் கேட்டார்.

“போடணும்னு சொன்னாங்க, போடுதோம்” என்றாள் அவள்.

“எதுக்குன்னு கேக்கலியா?”

“அடுப்புல சோறு பொங்கிக்கிட்டு இருக்கும்போது யாருகிட்டப் போய்க் கேக்க?”

இலையில் தொடங்கிய விசாரணை அதோடு நிற்கவில்லை. சாப்பிடுமுன் பாடுகிற பதிகத்துக்குப் பொருள் கேட்டார். திருநீறு பூசியவரை நிறுத்தி, ஏன் பூசினாய் என்று கேட்டார். அவரிடம் மாட்டியவர்கள் முழித்தார்கள். சிலர் அவரைத் தூரத்தில் கண்டதுமே பிரகாரத்தை மறுபக்கமாகச் சுற்றினார்கள். டிக்கெட் இல்லாதவன் அடுத்த பெட்டிக்கு நகருவதை ஆயுள் முழுக்கப் பார்த்தவர் அவர். இது ஒன்றும் அவருக்குப் புதிதில்லை.

கடைசியில் ஒரு சாயங்காலம் சாமியிடமே போனார். சாமி மறுநாளைக்கு வேண்டிய வாழைக்காய்களைச் சீப்புச் சீப்பாகப் பிரித்துக்கொண்டிருந்தார்.

“சாமி, இங்க வாரவங்க ஒருத்தருக்கும் தான் கும்பிடுறது என்னன்னு தெரியல.”

“அப்படியா?”

“முந்தியெல்லாம் சனங்களுக்கு அர்த்தம் தெரிஞ்சிருந்துது. தெரிஞ்சு செஞ்சாங்க. இப்ப வெறுமனே செய்யுதாங்க.”

“முந்தின்னா எப்ப, அண்ணாச்சி?”

“பெரியசாமி காலத்துல.”

“அப்ப நீங்க இருந்தீங்களா?”

“நான் எப்படி இருந்திருப்பேன்?”

“நானும் இல்லியே” என்றார் சாமி.

ஆவுடையப்பன் விடவில்லை. “வாசல் இலை யாருக்குன்னு உங்களுக்காவது தெரியுமா?”

“தெரியாது. என் குரு சொல்லல. ‘வாசல்ல போடு, சூடாப் போடு’ன்னு மட்டும் சொன்னாரு.”

ஆவுடையப்பன் ஒரு கண்ணைச் சுருக்கினார். இந்த ஆளுக்கே தெரியவில்லையா? இல்லை, தெரிந்தும் மறைக்கிறாரா? எதுவானாலும் நல்லதில்லை.

“சாமி, மறைக்காமச் சொல்லுதேன். அர்த்தம் தெரியாத இடத்துல நான் காவி கட்ட மாட்டேன். பௌர்ணமிக்கு முந்தியே கிளம்பிருவேன்.”

“எங்க போவீங்க?”

போக இருந்தது மகள் வீடு ஒன்றுதான். அங்கே இப்போது அவர் விருந்தாளி.

சாமி கடைசிச் சீப்பைப் பிரித்து வைத்தார். “நாளைக்குப் பந்தியை நீங்க பாத்துக்கிடுங்க, அண்ணாச்சி” என்றார். அவ்வளவுதான்.

அன்று இரவு ஆவுடையப்பன் எல்லாவற்றையும் தனக்குள் அலசினார். இலை பெரியசாமிக்கு உரியது என்று முடிவு கட்டினார். அதில்தான் மரியாதை இருந்தது. மற்றவர்களுக்குத் தெரியாவிட்டால் என்ன? இனிமேல் இந்த மடத்தில் அர்த்தம் தெரிந்த ஒருவன் இருக்கிறான். அந்த நினைப்பு அவருக்கு இதமாக இருந்தது.

மறுநாள் மத்தியானம் நல்ல கூட்டம். ஆவுடையப்பன் வாசலில் நின்று ஆட்களை வரிசையாக உட்கார வைத்தார். முதல் இலையை அவரே போட்டார். தண்ணீர் தெளித்து, சோறு வைக்கச் சொல்லி, ஒரு கணம் கண்ணை மூடிப் பெரியசாமியை நினைத்துக்கொண்டார். இப்படி நினைத்துச் செய்தவர் இங்கே வேறு யார் இருக்க முடியும் என்றும் கூடவே நினைத்தார்.

பாயசம் கேட்டு உள்ளே போய்விட்டுத் திரும்பினால், வாசல் இலையில் ஒரு ஆள் உட்கார்ந்திருந்தான்.

காலெல்லாம் செம்மண். தோளில் ஒரு அழுக்குத் துண்டு. பக்கத்தில் ஒரு மஞ்சள் பை. சோற்றைப் பிசைந்து, முதல் கவளத்தைக் கையில் எடுத்திருந்தான்.

ஆவுடையப்பனின் கை தானாகவே போய் அவன் மணிக்கட்டைப் பிடித்தது. எத்தனை பேரைப் பிடித்த கை அது!

“எந்திரியும்வே. இது யாரு இலைன்னு தெரியுமா?”

“தெரியாதுய்யா.”

“தெரியாமத்தான் உக்காந்தீரோ?”

“சோறு இருந்துது. ஆளு இல்ல. அதான் உக்காந்தேன்.”

“இது பெரியசாமிக்குப் போட்டது. ரெண்டாம் பந்தியில கூப்பிடுவாங்க, வெளிய போய் இரும்.”

அந்த ஆள் கையில் இருந்த சோற்றை இலையிலேயே திரும்ப வைத்தான். விரல்களில் ஒட்டியிருந்ததையும் வழித்து வைத்தான். பையை எடுத்துக்கொண்டு படியிறங்கினான்.

பந்தியில் இருந்தவர்கள் எல்லாரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். 

“அண்ணாச்சி, அந்த இலை...” என்றாள் வடிவு.

“அது எச்சில் ஆயிட்டு. பசுவுக்கு வச்சிரு. வேற இலை போடு.”

வடிவு வேறு இலை போட்டாள். போட்டுவிட்டு அங்கேயே நின்றாள்.

“என்ன?”

“ஒண்ணுமில்ல. இத்தனை வருசத்துல அந்த இலையில ஒரு ஆள் உக்காந்து இன்னைக்குத்தான் பாக்கேன்.”

அவள் சாதாரணமாகத்தான் சொன்னாள். ஆனால் ஆவுடையப்பனுக்கு எங்கேயோ உறைத்தது. அவர் வாசலுக்கு வந்தார். பந்தி போட்டிருந்தது உள்ளே. இலை கிடந்தது வாசலில். பெரியசாமியின் சமாதி மடத்துக்குப் பின்பக்கம் இருந்தது. அவருக்குப் போட்ட இலை என்றால் இங்கே ஏன் போட வேண்டும்? தெருவில் நிற்கிற எவனுக்கும் முதலில் கண்ணில் படுகிற இடத்தில் ஏன் போட வேண்டும்? எல்லாவற்றையும் விசாரித்தவர், இந்த ஒன்றை விசாரிக்கவில்லை.

இரண்டாம் பந்திக்கு அந்த ஆளைக் கூப்பிட அவரே வெளியே போனார். வேப்பமரத்தடியில் இல்லை. குழாயடியில் இல்லை. பஸ் நிறுத்தம் வரை வெயிலில் நடந்து பார்த்தார். பூக்காரியிடம் கேட்டார். மஞ்சள் பையோடு ஒருவன் எப்போதோ வடக்கே நடந்து போய்விட்டான் என்றாள்.

வெட்கம் வந்தால் சிலருக்கு அழுகை வரும், சிலருக்குக் கோபம் வரும். ஆவுடையப்பனுக்குச் சந்தேகம் வந்தது. நடந்ததை எல்லாம் முடிச்சுப் போட்டுப் பார்த்தார். நேற்றுத்தானே கேட்டோம்? இன்றைக்குத்தானே சாமி நம்மைப் பந்தி பார்க்க நிறுத்தினார்? மூச்சு வாங்க மடத்துக்குத் திரும்பி நேரே சாமியிடம் போனார்.

“அந்த ஆள் யாரு சாமி?”

“எந்த ஆளு?”

ஆவுடையப்பன் நடந்ததைச் சொன்னார். கையைப் பிடித்ததை மட்டும் கொஞ்சம் மெதுவாகச் சொன்னார்.

“சாப்பிட்டாரா?” என்று கேட்டார் சாமி.

“நான் கேக்கது அதில்ல...”

“சாப்பிட்டாரா, அண்ணாச்சி?”

“இல்ல. தேடிப் போனேன். ஆளக் காணல.”

சாமி எழுந்து வாசல் பக்கம் வந்தார்.

“வருசக்கணக்கா ஒருத்தரும் உக்காராத இலை” என்றார் ஆவுடையப்பன். குரல் உயர்ந்துவிட்டது. “நான் கேள்வி கேட்ட மறுநாளே ஒருத்தன் வந்து உக்காருதான். அதுவும் என்னைய நீங்க பந்தி பாக்க நிப்பாட்டுன அன்னைக்கு! ரயில்லயே காலத்தக் கழிச்சவன் சாமி நான். எனக்குத் தெரியாதா? என்னைச் சோதிக்கத்தான நீங்க அவனை அனுப்புனீங்க? உண்மையச் சொல்லுங்க.”

கேட்டுவிட்டுச் சாமியின் முகத்தையே பார்த்தார். எத்தனையோ முகங்களில் பொய்யைத் தேடியவர், முதல்தடவையாக ஒரு முகத்தில் பொய் இருக்க வேண்டுமே என்று ஏங்கினார். ஆமாம் என்று சாமி சொல்லிவிட்டால் போதும். அந்த ஆள் எங்கேயோ வயிறு நிறைந்து படுத்திருப்பான்.

சாமி தெருவைப் பார்த்தார். வெயில் இன்னும் இறங்கவில்லை.

“நான் அனுப்பியிருந்தா, சோறு போட்டுல்லா அனுப்பியிருப்பேன், அண்ணாச்சி.”